சிங்கமும் புலியும்: போர்க்கால இதழோவியங்களும் அவற்றைச் சேர்த்து வைப்போர் கடமையும்

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் நாடிச் செல்வது நெடுநாளைய வழக்கம். கடந்த இருநூறு ஆண்டுக் கால வரலாற்றை எழுதுவோர்க்கு இவற்றோடு மற்றொரு சான்றும் வாய்த்திருக்கிறது. அதுவே வார இதழ். அதிலும் போர் நடந்த காலத்து வார இதழ்களில் வெளிவந்த அரசியல் ஓவியங்கள், அரசாங்கக் கடிதங்களும் படைத்தலைவர்களின் நாட்குறிப்புகளும் சொல்லாத ஒன்றைச் சொல்லுகின்றன. அந்த வாரத்தில், அந்த ஊரில், காலைச் சிற்றுண்டிக்கு அமர்ந்த ஒரு குடும்பத்தலைவர் எதைக் கண்டு சினந்தார், எதைக் கண்டு சிரித்தார், எவரைக் கொல்ல வேண்டுமென்று விரும்பினார் என்பதை அவை மறைக்காமல் காட்டிவிடுகின்றன.

இத்தகைய ஓவியங்களைத் தேடித் தொகுப்பது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்காகவும், சிலருக்கு வணிகமாகவும் இருந்து வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்களும், முதல் உலகப் போரில் ஆலந்து நாட்டு ஓவியர் லூயி ரேமேக்கர்ஸ் வரைந்த படங்களும் இன்றும் விலைக்கு வாங்கப்படுகின்றன. ஆயினும் இந்திய வாசகர்களாகிய நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின்போது இலண்டன் 'பஞ்ச்' இதழ் வெளியிட்ட ஓவியங்களே அவை. அவற்றின் பிறப்பையும், அவை சொன்ன செய்தியையும், பின்னர் அவை தொகுப்பாளர்களின் கையில் பட்ட பாட்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இதழ்களை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விடை கிடைக்கும்.

மரக்கட்டையில் பிறந்த படம்

'பஞ்ச்' இதழின் முதல் வெளியீடு 1841 ஜூலை 17-ஆம் நாள் இலண்டனில் வெளிவந்தது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான எபனேசர் லாண்டெல்ஸ் மரச்செதுக்குக் கலைஞர் என்பது கருதத்தக்கது. அடுத்த ஆண்டு 1842 மே 14-இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' தோன்றியது. வாரந்தோறும் படத்துடன் செய்தி வெளியிடுவது அக்காலத்தில் எளிதாயிற்று என்றால், அதற்கு அடிப்படை மரக்கட்டையே. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தைத் தனி அச்சுப்பொறியில் தனித்தாளில்தான் அச்சிட முடியும். பாக்ஸ் மரத்தின் குறுக்கு வெட்டில் செதுக்கிய கட்டையோ ஈய எழுத்துகளின் உயரத்துக்கே நிற்கும். எழுத்தும் படமும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு, ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் அச்சாகும்.

பாக்ஸ் மரம் பருத்து வளர்வதில்லை. ஆகவே பெரிய படத்திற்குப் பல சிறு கட்டைகளைச் சேர்த்து இறுக்கிக்கொள்வர். அவசரம் நேரும்போது அவற்றைப் பிரித்து, ஆளுக்கொரு கட்டையாகச் செதுக்கி, மீண்டும் இணைப்பதும் உண்டு. பழைய பெரும்படங்கள் சிலவற்றில் நூலிழை போன்ற வெண்கோடு ஒன்று நேராக ஓடுவதைக் காணலாம். அது கட்டைகள் பொருந்திய மூட்டின் தடம்.

இன்று நாம் 'கார்ட்டூன்' என்று வழங்கும் சொல்லுக்கு இப்பொருள் வந்ததும் 'பஞ்ச்' இதழாலேயே. சுவரோவியம் தீட்டுமுன் கெட்டித் தாளில் முழு அளவில் வரைந்துகொள்ளும் மாதிரிக்கே அப்பெயர் முன்பு வழங்கிற்று. 1834-இல் தீக்கிரையான நாடாளுமன்ற மாளிகை புதிதாகக் கட்டப்பட்டபோது, அதன் சுவர்களுக்கான மாதிரி ஓவியங்கள் 1843-இல் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏழைகள் பட்டினி கிடக்க அரசு ஓவியக் காட்சி நடத்துகிறதே என்று எள்ளி, ஜான் லீச் வரைந்த படத்தைப் 'பஞ்ச்' தனது முதலாம் 'கார்ட்டூன்' என்று பெயரிட்டு வெளியிட்டது. எள்ளலுக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

இதழின் பெரிய படம் எதைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் குழுவினர் புதன்கிழமைதோறும் இரவு விருந்தில் கூடி முடிவு செய்வர். அப்படத்தை வரைந்தவர்களுள் தலையாயவர் ஜான் டென்னியல். பின்னாளில் 'ஆலிஸின் அற்புத உலகம்' என்னும் குழந்தை நூலுக்குப் படம் வரைந்து உலகப் புகழ் பெற்றவர் இவரே. இவர் கட்டையின்மேல் பென்சிலால் வரைந்து கொடுப்பதை ஜோசப் ஸ்வெயின் என்பவரின் பட்டறையார் செதுக்குவர். குழந்தைகளுக்கு முயலையும் பூனையையும் வரைந்து மகிழ்வித்த அதே கைதான் 1857-இல் ஒரு பேரரசின் சினத்தையும் வரைந்தது.

நான்கு சனிக்கிழமைகள்

1857 மே 10-ஆம் நாள் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தனர். மறுநாள் அவர்கள் டெல்லியை அடைந்தனர். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அன்று நேரடித் தந்தி இல்லை. செய்தி கப்பலிலும் பாலைவன வழியிலும் பயணம் செய்து, ஜூன் இறுதியில்தான் இலண்டனை எட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு தபாலும் ஏறத்தாழ ஆறு வாரம் பழகிய செய்தியைப் புதுச் செய்தியாகக் கொண்டு வந்தது. அந்த இடைவெளியை வதந்தியும் கற்பனையும் நிரப்பின என்பதை மனத்திற் கொண்டு, 'பஞ்ச்' இதழின் 33-ஆம் தொகுதியிலிருந்து நான்கு சனிக்கிழமை இதழ்களை வரிசையாகப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 15-ஆம் நாள் இதழில் வந்த படம், இலண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தைப் பீரங்கி வைத்துத் தகர்ப்பதாகக் காட்டியது. கம்பெனிக்கு மரண தண்டனை என்பது அதன் கருத்து. அதாவது, அன்றைய நிலையில் குற்றவாளி யார் என்ற கேள்விக்கு 'பஞ்ச்' சொன்ன விடை, இந்தியாவைச் சுரண்டிக் கெடுத்த கம்பெனி நிர்வாகமே என்பதாகும்.

ஒரே வாரம் சென்றது. ஆகஸ்ட் 22-ஆம் நாள் இதழில் இரண்டு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு டென்னியலின் புகழ்பெற்ற படம் வெளிவந்தது. 'வங்கப்புலியின்மீது பிரித்தானியச் சிங்கத்தின் பழிவாங்கல்' என்பது அதன் தலைப்பு. வீழ்ந்து கிடக்கும் ஓர் ஆங்கிலப் பெண்ணின்மீதும் குழந்தையின்மீதும் புலி நிற்கிறது. சிங்கம் அப்புலியின்மேல் பாய்கிறது. கம்பெனி படத்திலிருந்தே மறைந்துவிட்டது. நிர்வாகம், வரி, நிலம், மதம் ஆகிய காரணங்களும் மறைந்தன. இரண்டு விலங்குகளே எஞ்சின. விலங்கோடு வழக்காட முடியாது. வேட்டையாடத்தான் முடியும் என்று அந்தப் படம் வாசகனுக்குச் சொல்லாமல் சொல்லிற்று.

செப்டம்பர் 12-ஆம் நாள் இதழில் 'நீதி' என்னும் படம். வாளும் கேடயமும் ஏந்திய நீதித்தேவதை சிப்பாய்களை வெட்டி வீழ்த்தி மிதித்து நடக்கிறாள். அவள் பின்னே வெள்ளையர் படை வருகிறது. ஒருபுறம் இந்தியப் பெண்களும் குழந்தைகளும் ஒடுங்கி அழுகின்றனர். சென்ற மாதம் பழிவாங்கல் என்று தன் உண்மைப் பெயரோடு வந்த ஒன்று, மூன்றே வாரத்தில் நீதி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆயினும் அந்த அழும் பெண்களை ஓவியர் விட்டுவிடவில்லை. பழி யார்மீது போய் விழும் என்பது அவருக்கும் அவருடைய வாசகருக்கும் தெரிந்தே இருந்தது என்பதற்கு அப்படமே சாட்சி.

அக்டோபர் 24-ஆம் நாள் இதழ் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவை எள்ளிற்று. விசாரணையின்றிக் கண்டவரையெல்லாம் தூக்கிலிடுவதைக் கட்டுப்படுத்த அவர் 1857 ஜூலை இறுதியில் ஆணை பிறப்பித்திருந்தார். அதற்காகவே 'கருணை கானிங்' என்று இங்கிலாந்தில் ஏளனப் பெயர் சூட்டப்பட்டார். கொலைகாரச் சிப்பாயைக் குழந்தையைப்போல் தட்டிக்கொடுத்துத் தேற்றுபவராக அவரை அப்படம் காட்டியது.

பதினொரு இதழ்களுக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. முதலில் கம்பெனி குற்றவாளி. அடுத்துப் பகைவன் விலங்கு. அதன்பின் பழியே நீதி. இறுதியில் இரக்கம் காட்டியவனே கேலிக்குரியவன். போர்க்காலத்தில் ஒரு சமுதாயத்தின் மனம் எவ்வளவு விரைவில் திரிகிறது என்பதை இந்த நான்கு படங்களின் வரிசையைப்போல் தெளிவாகக் காட்டும் சான்றுகள் மிகச் சிலவே. இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே எடுத்தால், அந்த உண்மை கைநழுவிப் போய்விடும்.

நடுநிலையோடு ஒன்றையும் இங்கே கூற வேண்டும். கான்பூரில் பீபீகர் என்னும் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 200 ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் 1857 ஜூலை 15-இல் கொல்லப்பட்டது உண்மை. அதே வேளையில், அன்று இலண்டன் செய்தித்தாள்களில் பரவிய சித்திரவதைக் கதைகளுள் பல, பின்னர் ஆங்கில அதிகாரிகளே விசாரித்தபோது ஆதாரமற்றவை எனத் தெரிய வந்ததும் உண்மை. படம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துக் காட்டுவது அதன் நோக்கமும் அன்று.

புலி வந்த வழி

சிங்கத்தையும் புலியையும் டென்னியல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவ்விரு விலங்குகளும் தெற்கிலிருந்தே போயின. புலியைத் தம் அரசின் சின்னமாகக் கொண்டவர் மைசூர் திப்பு சுல்தான். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கம்பெனி தன் படையினர்க்கு வழங்கிய பதக்கத்தில் சிங்கம் புலியை அடக்குவதாகப் பொறிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவதாகத் திப்புவின் அரண்மனையில் இருந்த மரப் பொறியும் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கம்பெனியின் தலைமையகத்திலேயே மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகவே 1857-இல் 'பஞ்ச்' வாங்கிய இலண்டன்வாசிக்குப் புலி என்றால் யார் என்று விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் பழகிய அச்சத்தையே அப்படம் தட்டி எழுப்பியது.

மறுபக்கத்தில் படம் இல்லை

இனி ஒரு கேள்வி எழுகிறது. இலண்டனில் இத்தனை படங்கள் அச்சாகியபோது, டெல்லியின் பக்கத்தைக் காட்டும் இதழோவியம் எங்கே? 1857-இல் டெல்லியில் அச்சகம் இல்லாமல் இல்லை. மௌல்வி முகம்மது பாக்கர் 'டெல்லி உருது அக்பார்' என்னும் வார இதழைக் கல்லச்சில் வெளியிட்டு வந்தார். கிளர்ச்சியின் செய்திகளை அது தொடர்ந்து வெளியிட்டது. எழுத்தால் ஆகிய அந்த இதழில் 'பஞ்ச்' படங்களுக்கு எதிர்நிற்கும் ஓவியம் இல்லை. 1857 செப்டம்பரில் டெல்லி மீண்டும் ஆங்கிலேயர் வசமானபோது பாக்கர் கொல்லப்பட்டார். 'நீதி' படம் இலண்டன் கடைகளில் விற்பனையான அதே மாதம் அது. அதற்கு முன்பே, 1857 ஜூனில், உரிமம் பெறாமல் அச்சகம் நடத்தலாகாது என்னும் சட்டத்தையும் கானிங் ஆட்சி கொண்டு வந்திருந்தது.

எனவே, 1857-ஐப் படத்தில் காண விரும்புவோர்க்கு ஒருபக்கத்துப் படமே கிடைக்கிறது. வென்றவனுக்கு ஓவியரும், கட்டையும், தாளும், விற்பனைக் கடையும் இருந்தன. தோற்றவனின் ஆசிரியர் மண்ணுக்குள் போனார். இதழோவியங்களைத் தொகுப்பவர் எவரும் மறக்கலாகாத உண்மை இது.

விடை சொல்லும் ஓவியம் இந்தியாவில் பின்னர்த்தான் வளர்ந்தது. 1854-லேயே பம்பாயில் 'பார்சி பஞ்ச்' தோன்றியிருந்தது. 1877-இல் லக்னோவில் 'அவத் பஞ்ச்' உருது மொழியில் வெளிவரலாயிற்று. பம்பாய் 'ஹிந்தி பஞ்ச்' ஓவியங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. எள்ளியவனின் இதழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டு அவனை எள்ளும் கலையை இந்தியர் கற்றுக்கொண்டனர். தமிழில் அக்கலையைத் தொடங்கி வைத்த பெருமை பாரதியாருடையது. 1906-இல் சென்னையில் தோன்றி, 1908-இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்து, 1910-இல் நின்றுபோன 'இந்தியா' வார இதழில் அவர் கருத்துப்படங்களை வெளியிட்டார். அந்த இதழ்கள் அரசின் கண்ணுக்குத் தப்பி ஆங்காங்கே எஞ்சியவையே. அவற்றைத் தேடியெடுத்து ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-இல் 'பாரதியின் கருத்துப்படங்கள்' என நூலாக்கினார். சிதறிய பக்கங்களை யாரோ சிலர் எறியாமல் வைத்திருந்தமையால்தான் அது கைகூடிற்று.

தொகுப்பாளர் செய்யும் தீங்கு

'பஞ்ச்' இதழ் ஆண்டுக்கு இரண்டு தொகுதிகளாகக் கட்டமைக்கப்பட்டது. பிரித்தானியக் குடும்பங்களிலும் மன்றங்களிலும், இந்தியாவிலிருந்த கிளப்புகளிலும் அந்தத் தொகுதிகள் அலமாரிகளை நிறைத்தன. காலம் மாறியது. முழுத் தொகுதியை வாங்குவார் குறைந்தனர். ஒரு படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார் பெருகினர். பழம்பொருள் வணிகர் கண்ட வழி எளியது. தொகுதியின் முதுகைக் கிழித்து, படமுள்ள தாள்களை உருவி எடுத்து, எஞ்சியதை எறிந்துவிடுவதே அது. ஒரு தொகுதியின் விலையைவிட அதன் இருபத்தைந்து படங்களின் கூட்டுவிலை மிகுதி. இவ்வாறு எத்தனையோ தொகுதிகள் அழிந்தன.

உருவிய தாள் மேலும் சில துன்பங்களுக்கு ஆளாகிறது. சட்டத்தில் அழகாகப் பொருந்த வேண்டுமென்று தாளின் தலைப்பக்கம் வெட்டப்படுகிறது. இதழின் பெயரும் நாளும் அச்சாகியிருப்பது அந்த இடத்தில்தான். அதனை வெட்டியபின் ஆகஸ்ட் 15-க்கும் 22-க்கும் உள்ள வேறுபாட்டை யார் அறிவார்? கருப்பு மையில் மட்டும் அச்சான படத்துக்குக் கவர்ச்சிக்காக நீர்வண்ணம் தீட்டி விற்பதும் உண்டு. 1857-ஆம் ஆண்டுப் 'பஞ்ச்' இதழின் பெரிய படம் வண்ணத்தில் கிடைத்தால், அந்த வண்ணம் பிற்காலத்தது என்று கொள்ளலாம். பழைய தொகுதிகள் பின்னாளில் மறுஅச்சும் செய்யப்பட்டமையால், தாளையும் கட்டமைப்பையும் நோக்காமல் தலைப்பிலுள்ள நாளை மட்டும் நம்பி விலை கொடுப்பதும் பிழையாகிவிடும்.

இவையெல்லாம் பண நட்டம் மட்டுமே என்றால் பெரிதில்லை. இங்கே நட்டப்படுவது வரிசை. சிங்கப் படம் ஓர் அழகிய விலங்குச் சித்திரமாகச் சுவரில் தொங்குகிறது. அதற்கு முந்திய வாரத்து மனச்சான்றும், பிந்திய மாதங்களின் வெறியும் குப்பைக்குப் போய்விட்டன. ஒரு பெரும் கொலைக்களத்தை நியாயப்படுத்த அச்சான தாள், வரவேற்பறையின் அலங்காரமாகிவிடுகிறது.

நம் வீட்டுப் பரண்

மேலை நாட்டாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழ்நாட்டில் நாம் இதற்கு நேர்மாறான முறையில் அதே செயலைச் செய்திருக்கிறோம். அங்கே படத்தை வைத்துக்கொண்டு எழுத்தை எறிந்தார்கள். நாமோ தொடர்கதையை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் எறிந்தோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை மணியம் ஓவியங்களோடு வாரந்தோறும் கிழித்தெடுத்து, பைண்டு செய்து, திருமணச் சீரோடு பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டு வந்த குடும்பங்கள் பல. அந்த அன்பைப் போற்ற வேண்டும். ஆனால் அதே இதழ்களின் அட்டையும், தலையங்கமும், அரசியல் கேலிச்சித்திரமும், விளம்பரமும் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயின.

இரண்டாம் உலகப் போர்க் கால இதழ்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 'ஆனந்த விகட'னில் மாலியின் தூரிகை அரசியலையும் அன்றாட வாழ்வையும் ஒருசேர வரைந்த காலம் அது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1941-இல் தம் சொந்த இதழைத் தொடங்கியதும் போருக்கு நடுவில்தான். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழ, சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினர். அந்த வாரங்களில் தமிழ் இதழ்கள் எதை வரைந்தன, எதை வரைய அஞ்சின என்பதை அறிய, அந்த வாரத்து முழு இதழே வேண்டும்.

தாளின் தன்மையும் இங்கே நமக்குப் பகையாக நிற்கிறது. 1857-ஆம் ஆண்டுத் தாள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. அதன் இழை நீண்டது; ஆகவே அது இன்றும் மடிகிறது, உடைவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. மரக்கூழில் எஞ்சும் பொருள்களும், மை பரவாமலிருக்கச் சேர்க்கும் படிகாரமும் நாளடைவில் அமிலமாகித் தாளை உள்ளிருந்தே எரிக்கின்றன. போர்க்காலத்தில் வெளிநாட்டுத் தாள் வரவு குறைந்து, கிடைத்த மட்டத் தாளில் இதழ்கள் மெலிந்து வெளிவந்தன. அதனால் எண்பத்தைந்து ஆண்டு இளைய தமிழ் இதழ், மூத்த இலண்டன் இதழுக்கு முன்பே பொடியாகிறது. நம் கையில் இருக்கும் காலம் குறுகியது.

இந்நிலையிலும் தனிமனிதர் சிலரின் முயற்சி பெரும்பயன் தந்திருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு நில்லாமல் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னைக்கு வந்து, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எதனையும் அற்பமென்று ஒதுக்காமையே அவருடைய தொகுப்பின் சிறப்பு. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளோடு எத்தனை அரிய இதழ்கள் சாம்பலாயின என்று எண்ணும்போது, இத்தகையோரின் அருமை மேலும் விளங்கும்.

நீல் சிலை தரும் பாடம்

நம்மை இழித்துரைக்கும் படங்களை நாமே விலை கொடுத்து வாங்கிப் பாதுகாப்பது முறையா என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவுக்கான விடையைச் சென்னை நகரமே தந்திருக்கிறது.

1857-இல் சென்னையிலிருந்து ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்றோடு வடக்கே சென்றவர் கர்னல் நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய பழிவாங்கல்கள் கொடியவை. கைதிகளைத் தூக்கிலிடுமுன் பீபீகர் தரையிலிருந்த இரத்தக் கறையை நாவினால் துடைக்கச் செய்தவர் அவர். 'நீதி' என்று 'பஞ்ச்' பெயரிட்டு வரைந்ததன் நடைமுறை வடிவம் இதுவே. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் லக்னோவில் மாண்டார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. 1927-இல் அதனை அகற்றக் கோரித் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் அறப்போர் நடத்திச் சிறை புகுந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1937-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், சிலை தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை உருக்கிவிடவில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த இரண்டு செயல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. தெருவில் நின்றவரை அச்சிலை வணக்கம் கேட்டது. அருங்காட்சியகத்தில் அது சான்று கூறுகிறது. இதழோவியத்துக்கும் இதுவே அளவுகோலாகத் தக்கது. சிங்கப் படத்தைச் சட்டமிட்டு மாட்டுவது அதற்கு மீண்டும் தெருவில் இடம் கொடுப்பதாகும். அதனை எரிப்பது நமக்குச் சாதகமான சாட்சியையே கொல்வதாகும். அதன் முன்பின் இதழ்களோடு ஒரு நூலகத்தில் வைத்துப் படிப்பதே தக்க வழி.

செய்யத்தக்கன

பிறமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா பாட்டியர் கொண்டு வந்த இரும்புப் பெட்டிகள் இன்னும் சில இருக்கின்றன. வீடு மாறும்போதும், முதியோர் மறையும்போதும் முதலில் வெளியேறுவன அவற்றிலுள்ள பழந்தாள்களே. அவற்றை எறியுமுன் சில செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இதழ் முழுமையாக இருந்தால் முழுமையாகவே வைக்க வேண்டும். படத்தை மட்டும் வெட்டுதல் ஆகாது. முன்பே வெட்டிய துண்டாக இருந்தால், இதழின் பெயர், நாள், யாரிடமிருந்து வந்தது என்பவற்றைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன்வைத்தல் வேண்டும். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டுவதும், பிளாஸ்டிக்கில் பொதிந்து சூடேற்றி ஒட்டுவதும் தாளைக் கெடுக்கும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், மடிக்காமல், தட்டையாகக் கிடத்த வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இடையே வசம்பு முதலியன இடித்துக் கட்டிய சிறு முடிச்சுகளை வைத்துப் பூச்சியைத் தடுப்பர். பெட்டியில் அத்தகைய முடிச்சு ஒன்றை, தாளில் நேரே படாதவாறு, நாமும் வைக்கலாம்.

படிக்க ஆளில்லாத வீட்டில் கிடப்பதினும் இவை பலர் பார்க்கும் இடத்தில் இருப்பது சாலச் சிறந்தது. தமிழிணைய நூலகம் போன்ற அமைப்புகள் பழைய இதழ்களைப் படியெடுத்து யாவரும் காண வைத்துள்ளன. அங்கே இடைவெளியாக இருக்கும் ஓர் இதழ் நம் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். அதனை முதலில் படியெடுக்கக் கொடுத்து, பின்னர் மூலத்தைச் சங்க நூலகத்திடமோ ஆய்வு நூலகத்திடமோ ஒப்படைப்பது எவர்க்கும் இயலக்கூடியதே.

1857-இல் டெல்லியின் பக்கத்தைச் சொல்ல ஓவியம் இல்லாமற் போனது நம் குற்றமன்று. 1942-இன் தமிழ் ஓவியங்கள் இருந்தும் இல்லாமற் போகுமாயின், அந்தப் பழி வேறு எவரையும் சாராது. சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டிலேனும் தத்தம் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்து, கிடைப்பதைச் சங்க நூலகத்துக்குத் தெரிவிப்பாராக.